பழைய ட்ரில்லிங் மெஷினுக்குப் புதுச் சக்கு

இல்லாத ஒன்றைச் செய்து கொடுத்துக் கூலி வாங்குகிற தொழில் எங்களுடையது: இரும்பில் ஓட்டை போடுவது.

விருத்தாசலத்தில் செராமிக் பேட்டையை ஒட்டின ரோட்டில் எங்கள் பட்டறை இருக்கிறது. ஒரு லேத்து, ஒரு ட்ரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை அழுத்துகிற யூனிட்டுகளுக்கு அச்சுத் தகடு துளைத்துக் கொடுப்பது முக்கால்வாசி வேலை. மீதி, வழியோடு போகிறவர்கள் கொண்டுவருவது. கல்யாணத்துக்கு முன்னால் நானும் ஒரு யூனிட்டில் பிரஸ்ஸில் நின்றவள்தான். அச்சு உடைந்தால் அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடுவதும் என் வேலை. ஓடி ஓடிக் கடைசியில் பட்டறைக்காரியாகவே ஆகிவிட்டேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். பட்டறையில் நானும் கலியபெருமாள் அண்ணனும் மட்டும். நான் லேத்தில் நிற்பேன், அவர் ட்ரில்லில் நிற்பார்.

ட்ரில்லிங் மெஷின், மூடிப்போன ஒரு யூனிட்டிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தது. துளைக்கிற பிட்டை மூன்று பல்லால் கவ்விப் பிடிக்கிற வாய்க்கு சக்கு என்று பெயர். எங்கள் மெஷினின் சக்கு அதோடு கூடவே பிறந்ததாக இருக்க வேண்டும். அதை மாற்றின கதைதான் இது. பட்டறையோ மாவு மில்லோ தையல் கடையோ, ஒரே ஒரு பாகத்தை மாற்றப் போய் வாரக்கணக்கில் அலைந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. வேண்டுமானால் கொஞ்சம் ஆறுதல் இருக்கும்.

உலாத்துகிற பின்

தனசேகர் பேட்டையில் ஃபியூஸ் கட்டை யூனிட் வைத்திருப்பவர். எங்கள் நிரந்தர வாடிக்கை. அச்சின் மேல் தகடும் கீழ்த் தகடும் ஒன்றோடொன்று சரியாக உட்கார நாலு மூலையிலும் பின் இருக்கும். பின் போகிற ஓட்டை ஒரு நூலளவு பெருத்தாலும் தகடு தள்ளி உட்காரும், அழுத்தின கட்டை கோணலாக வரும், சூளைக்குப் போய் வெடிக்கும்.

அன்றைக்கு அவர் ஸ்கூட்டரை நிறுத்தின விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தகட்டை என் முன்னால் வைத்தார். பையிலிருந்து பின்னை எடுத்து ஓட்டைக்குள் விட்டார். விரலால் லேசாகத் தட்டினார். பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டியது. நான் பிட்டை எடுத்து அளந்து காட்டினேன். பிட்டு சரியாகத்தான் இருந்தது. ஓட்டைதான் பெரிதாக இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நான் எட்டு எம்.எம். ஓட்டைதாம்மா கேட்டேன். நீங்க போட்டதுல பின்னு வாக்கிங் போவுது."

சாக்பீஸ் சொன்ன சாட்சி

எங்கே ஆட்டம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிட்டு மழுங்கிவிட்டது என்றார் கலியபெருமாள் அண்ணன். கரெண்டு ஏறி இறங்குகிறது என்றேன் நான். இரண்டு பேருமே அவரவர் சொன்னதை நம்பவில்லை. கடைசியில் நேரான கம்பி ஒன்றைச் சக்கில் மாட்டி மெஷினை ஓட விட்டோம். அண்ணன் என் மகளுடைய சாக்பீஸை எடுத்து, சக்குக்கு மேலே, அதைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் தண்டில் மெதுவாக ஒட்டிப் பிடித்தார். நிறுத்திப் பார்த்தால் சுற்றிலும் வெள்ளைக் கோடு. அப்படியென்றால் ஸ்பிண்டில் நேராகச் சுற்றுகிறது. பிறகு சக்குக்குக் கீழே கம்பியில் பிடித்தார். கோடு ஒரு பக்கம் மட்டும்தான் விழுந்திருந்தது.

சக்கை அகலத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்று பல்லில் ஒன்று தேய்ந்து வழவழவென்று இருந்தது. மற்ற இரண்டும் அதைப் பார்த்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. அண்ணன் டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார்:

"பல்லு போன வாயில முறுக்கக் குடுத்தா, இப்பிடித்தான் எம்மா கடிக்கும்."

தகடு சுற்றின நாள்

அன்றைக்கே செல்போனில் புதுச் சக்குக்கு ஆர்டர் போட்டேன். அது வந்து சேரும்வரை அச்சு வேலை வேண்டாம், முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை என்கிற வேலையை மட்டும் எடுப்போம் என்று முடிவு செய்தோம். அப்படி வந்ததுதான் சக்திவேலின் தகடு. வேப்பூர் ஹைவேயில் புரோட்டா கடை வைத்திருக்கிறவர். புது அடுப்புக்கு ஸ்டாண்டு செய்ய நாலு ஓட்டை கேட்டார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

நான் லேத்தில் ஒரு புஷ் வளையத்தைக் கடைந்துகொண்டிருந்தேன். முதலில் 'டங்' என்று ஒரு சத்தம். பிறகு டங் டங் டங் என்று விடாமல். திரும்பினேன். சக்கு பிட்டைச் சரியாகப் பிடிக்காமல் வழுக்கி, பிட்டு ஓட்டைக்குள் கோணலாகச் சிக்கி, தகடு அவர் இடது கைப் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு பிட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். தகடு நின்றது. அண்ணன் அப்படியே நின்றுகொண்டிருந்தார். வலது கை மெஷினின் கைப்பிடியில் இருந்தது. இடது கையை வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தார். சட்டை ரத்தத்தில் நனைந்துகொண்டிருந்தது.

சக்திவேல் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு விட்டார். தகட்டின் ஓரம் கிழித்த புறங்கையில் தையல் போட்டார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, விரல் எல்லாம் மடங்குகிறது என்று டாக்டர் சொன்னார். வெளியே பெஞ்சில் அண்ணன் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். தகட்டைச் சீக்கிரம் வேறு இடத்தில் முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று சக்திவேலிடம் சொன்னேன்.

"தகடு எங்கயும் ஓடிடாதுக்கா. மொதல்ல அந்த மனுசனுக்குச் சக்கர தூக்கலா ஒரு டீ வாங்கிக் குடுங்க."

போனில் வந்த சக்கு

ஆர்டர் போட்ட சக்கு வந்தது. அழகான டப்பா, உள்ளே எண்ணெய்த்தாள், அதற்குள் கண்ணாடி மாதிரி பளபளவென்று சக்கு. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் மரை போட்டிருந்தது. எங்கள் மெஷினில் மரையே கிடையாது. கூம்பு மாதிரிச் சரிந்து போகிற ஒரு தண்டுதான் சக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தத் தண்டுக்கு ஆர்பர் என்று பெயர். வந்திருந்தது கையில் பிடித்துத் துளைக்கிற மெஷினுக்கான சக்கு. படத்தில் முன்பக்கத்தை மட்டும் காட்டியிருந்தார்கள். முதுகைக் காட்டவில்லை.

மங்கலம்பேட்டை நாசர் பாய் அப்போது பட்டறையில் இருந்தார். சவுதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, இப்போது ஊரில் பாத்திரக் கடை வைக்கிறார். சாமான் அடுக்குகிற ராக்குக்கு வேண்டிய ஆங்கிள் துண்டுகளோடு வந்திருந்தார். சக்கை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். எங்கள் மெஷினை ஒரு முறை பார்த்தார். மறுபடியும் சக்கைப் பார்த்தார்.

"சவுதில இருந்தப்ப எங்க வூட்டம்மா ஈதுக்கு சட்டை தச்சி அனுப்புவாங்க. இதே மாரிதான். பாக்க அழகா இருக்குது, ஆனா மாட்ட முடியாது."

கழற்றின கதை

இந்தத் தடவை பழைய ஆர்பரையே கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது என்று தீர்மானித்தேன். அதற்கு முதலில் அது கழல வேண்டும். ஸ்பிண்டிலின் பக்கவாட்டில் நீளமாக ஒரு துவாரம் இருக்கும். அதில் ஆப்பு மாதிரித் தட்டையான ஒரு இரும்பை விட்டுத் தட்டினால் ஆர்பர் சக்கோடு கீழே விழுந்துவிடும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எங்களுடையது விழவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். விழவில்லை. சூடு காட்டு என்றார் ஒருவர். சூடு காட்டினால் ஸ்பிண்டிலே போய்விடும் என்றார் இன்னொருவர். எல்லோரும் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கொளஞ்சிநாதன் திட்டக்குடிப் பக்கத்து விவசாயி. டிராக்டர் கலப்பையின் கொழுவுக்கு ஓட்டை பெரிசாக்க வந்தவர். வேலை இன்றைக்கு ஆகாது என்று சொல்லியும் போகவில்லை. "நான் ஏந்திக்கிறன், நீ அடிம்மா" என்று சாக்கை நாலாக மடித்து இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு சக்குக்குக் கீழே குனிந்து நின்றார். நான் சுத்தியலால் ஆப்பைத் தட்டினேன். அசையவில்லை. அவர் குனிந்தது குனிந்தபடியே இருந்தார். நிமிருங்கள் என்றால் கேட்கவில்லை. சின்னச் சின்ன அடியாகப் போடாமல், மூச்சைப் பிடித்து ஒரே அடியாகப் போட்டேன். 'டக்' என்று கழன்று சாக்குக்குள் விழுந்தது. அவர் அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வேட்டியெல்லாம் கிரீஸ்.

"எங்கூட்டு மாடு கன்னு போட்டப்பகூட நான் இவ்ளோ நேரம் கையேந்தி நிக்கலம்மா."

திருச்சிக் கடை

ஆர்பரைச் சக்கிலிருந்து பிரித்தெடுத்து, பழைய துணியில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திருச்சிக்கு பஸ் ஏறினேன். மெஷின் சாமான்கள் விற்கிற பெரிய கடை. எனக்குப் பக்கத்தில் யாரோ ஒரு ஆள் நின்றிருந்தார். நான் ஆர்பரை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்து, "இந்தக் கூம்புக்குச் சரியா உக்கார்ற சக்கு வேணும்" என்றேன். கடைக்காரர் ஆர்பரை எடுத்து, அந்த ஆளைப் பார்த்து, "மெஷின் என்ன சைஸுங்க?" என்றார். நான் சொன்னேன். "அடிக்கடி ஹெவியா ஓட்டுவீங்களா?" என்று மறுபடியும் அந்த ஆளைப் பார்த்தே கேட்டார். அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். சக்கை எடுத்து வந்து ஆர்பரில் உட்கார வைத்துக் காட்டியதும் அந்த ஆளிடம்தான்.

அந்த ஆள் நெளிந்தார். என்னை ஒரு முறை பார்த்தார், சக்கை ஒரு முறை பார்த்தார். பிறகு கையிலிருந்த துண்டுச் சீட்டைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"அண்ணாச்சி, இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது. நான் வாஷர் வாங்க வந்தவன்."

பொருத்தியது

கூம்புக்குக் கூம்பு கவ்வுகிற பொருத்தம் அது. நடுவில் எதுவும் இருக்கக் கூடாது, எண்ணெய்கூட. எனக்கு அது தெரியும். ஆனாலும் புதுச் சக்கில் துரு பிடிக்காமல் இருக்கத் தடவியிருந்த எண்ணெயைச் சரியாகத் துடைக்காமல் மாட்டிவிட்டேன். மெஷினைப் போட்டேன். சக்கு ரெண்டு சுற்றுச் சுற்றி, பழுத்த பழம் மாதிரி மேசைமேல் விழுந்தது. நல்ல வேளை, கீழே மரக்கட்டை வைத்திருந்தேன். மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்த துணியால் ஆர்பரையும் அது உட்காருகிற குழிகளையும் கீச்சென்று சத்தம் வருமட்டும் துடைத்து, சக்கின் பல்லை உள்ளே இழுத்துவிட்டு, மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். உட்கார்ந்தது. பிறகு அசைத்துப் பார்த்தாலும் அசையவில்லை. சாக்பீஸ் சுற்றிலும் கோடு போட்டது.

முதல் வேலையாகத் தனசேகரின் அச்சுக்குப் புதுத் தகடு துளைத்து நானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் பின்னை விட்டுப் பார்த்தார். தட்டினார். தகட்டையே தலைகீழாகத் திருப்பி உலுக்கினார். பின் விழவில்லை.

"இந்த ஓட்டையத்தாம்மா நான் அன்னிக்கே கேட்டது."

கலியபெருமாள் அண்ணன்

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அண்ணன் தையல் பிரித்து வேலைக்கு வந்துவிட்டார். வருவார், பட்டறையைக் கூட்டுவார், பிட்டுகளை அளவு வாரியாக அடுக்குவார், தகட்டின் பிசிரை அரத்தால் ராவுவார், டெலிவரிக்குப் போவார். ட்ரில்லிங் மெஷினை மட்டும் தொட மாட்டார். ஓட்டை போடுகிற வேலை வந்தால், "தோ, டீ குடிச்சிட்டு வந்துடுறேன்" என்று கிளம்புவார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் நான் அதை முடித்திருப்பேன். லேத்து வேலை அப்படியே கிடக்கும். அவருக்கு மெஷினை விடப் பிடிக்கவில்லை, தொடவும் முடியவில்லை. அது எனக்குத் தெரிந்தது. சக்கின் மேல் நம்பிக்கை வரவில்லை போல என்று நினைத்து, அவர் முன்னாலேயே சாக்பீஸ் வைத்துக் காட்டினேன். "சக்குன்னா இதான் சக்கு" என்று மனதாரப் பாராட்டினார். பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஒரு சனிக்கிழமை ஆள் வராத மதியத்தில் லேத்தை நிறுத்திவிட்டு, ஸ்டூலை அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து கேட்டேன்: "அண்ணே, இந்த மெஷின் வேணாம்னா வித்துடலாம். உங்களுக்கு என்னான்னு மட்டும் சொல்லுங்க." அவர் கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்தார். மெஷினில் இருந்த சுவிட்சு எப்போதோ எரிந்துபோய், சுவரில் இருந்த சுவிட்சில்தான் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சுவரைக் காட்டினார். காயம் பட்ட கையைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"எனக்குச் சக்கு மேல ஒண்ணும் இல்ல எம்மா. முன்னால தகடு சுத்துது. பின்னால நவுர முடியாம இரும்பு ராக்கு. சுவிட்சு அந்தாண்ட செவுத்துல இருக்குது. நீ லேத்து ஓட்டிகிட்டு இருந்த. நான் கூப்ட்டுக்கிட்டேதான் இருந்தேன், உனக்குக் கேக்கல."

காலால் நிறுத்துகிற சுவிட்சு

அவர் கூப்பிட்ட சத்தம் எதுவும் என் காதில் விழவில்லை. அதை நினைத்து அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையின்போது எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. திங்கட்கிழமை காலையில் எலக்ட்ரீசியன் வந்தார். மெஷினிலேயே புதுச் சுவிட்சு வைத்தார். அதோடு, நிற்கிற இடத்தில் தரையில் ஒரு பெடல். காலால் மிதித்தால் மெஷின் நின்றுவிடும். என் வீட்டுக்காரரும் லோடுமேன்களும் இரும்பு ராக்கைத் தூக்கி வெளிச்சுவர் ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். லேத்தையும் திருப்பிப் போட்டோம். இப்போது நான் நிமிர்ந்தால் ட்ரில்லில் நிற்கிறவரின் முகம் தெரியும்.

அண்ணன் இதெல்லாம் முடியும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்தார். பிட்டு மாட்டாமல் மெஷினை ஓடவிட்டார். மிதித்தார், நின்றது. ஓடவிட்டார். மிதித்தார், நின்றது. ஒரு அடி பின்னால் போய், காலை நீட்டி மிதித்துப் பார்த்தார். நின்றது. பக்கவாட்டில் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, காலால் துழாவி மிதித்தார். அதற்கும் நின்றது. நான் லேத்தில் வேலை இருக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து சக்திவேல் வந்தார். தகட்டை வேறு இடத்தில் முடித்துக் கொடுக்கிறேன் என்று நான் சொன்னதற்கு அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. இத்தனை நாளும் பழைய அடுப்பிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அதே தகட்டை வாங்கினார். இந்த முறை இரண்டு கிளாம்பு போட்டு இறுக்கினார். பிட்டை மாட்டினார். கொஞ்சம் துளைத்தார், நிறுத்தினார், குனிந்து பார்த்தார். மறுபடி கொஞ்சம் துளைத்தார், நிறுத்தினார். பிட்டு சிக்குவது ஓட்டையின் அடி திறக்கிற இடத்தில்தான்; அங்கே அவர் கை தயங்கியது எனக்குத் தெரிந்தது. பிட்டு மறுபக்கம் எட்டிப் பார்த்தது. இரும்புச் சுருள் கீழே விழுந்தது. அண்ணன் மிதித்து நிறுத்திவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஓட்டைக்குப் புள்ளி குத்தினார். நாலாவது ஓட்டை முடிய வெகுநேரம் ஆனது. சக்திவேல் கடைசிவரை போனை எடுக்கவே இல்லை. தகட்டை வாங்கி வண்டியில் வைத்த பிறகுதான் பேசினார்.

"ஓட்ட போட்டதவிட, அண்ணன் நிறுத்துனதுதாங்க்கா ஜாஸ்தி. பரவாயில்ல, நம்ம புரோட்டாவுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

ஆக, புதுச் சக்கு வந்ததிலிருந்து எங்கள் பட்டறையில் ஓட்டைகள் அளவாக விழுகின்றன, வேலை மட்டும் முன்பைவிட மெதுவாக நடக்கிறது, அதைப் பற்றி முதலாளி என்கிற முறையில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.